முப்பத்திரண்டு பைட்டில் சவரிமுத்து

வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எங்கள் பள்ளிக்கூடம் அகதி முகாமானபோது எங்கள் வகுப்பறையில் ஒன்பது குடும்பங்கள் இருந்தன. அதில் ஒன்று எங்களுடையது. அதற்குப் பிறகு படிப்பு என்று ஒழுங்காக ஒன்றும் இல்லை. வன்னியில் ரேடியோ திருத்தினேன். இராமேஸ்வரத்துக்குப் படகேறினேன். கோயம்புத்தூரில் மின்தராசு செய்யும் கடையொன்றில் ஈயம் உருக்கிக்கொண்டே சி மொழியைப் பொறுக்கிக்கொண்டேன். பிறகு கட்டார். பிறகு திரும்பவும் யாழ்ப்பாணம். இப்போது கொழும்புத்துறையில் ஒரு வாடகை அறையில் இருக்கிறேன். ஆகவே எப்படி எழுதுவது என்று உங்களுக்கு நான் சொல்லித்தரப் போவதில்லை. அதை என்னைவிட நன்றாகவே படித்துவிட்டு வந்திருப்பீர்கள்.

இரண்டு சரங்களை, அதாவது இரண்டு எழுத்துத் தொடர்களை, ஒட்டுகிற ஒரு ஃபங்ஷனைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மொத்தம் பன்னிரண்டு வரி. அதில் நான் எடுத்த ஒரு முடிவால், மயிலிட்டியில் ஒரு தகப்பன் தன்னுடைய இரண்டு மகன்களில் எவன் கடலில் தத்தளிக்கிறான் என்று தெரியாமல் நின்றார்.

சி மொழியில் இருக்கிற strcat என்ன செய்கிறது என்று உங்களுக்குத் தெரியும். முதற் சரத்தின் முடிவைத் தேடிப்போய், அங்கே இரண்டாவது சரத்தை ஒட்டி, கடைசியில் ஒரு சுழியத்தை வைத்துவிட்டு வரும். எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்று அது கேட்பதில்லை. இடம் போதாவிட்டால் பக்கத்தில் இருப்பதன்மேல் ஏறி எழுதும். மயிலிட்டிப் படகுகளுக்காக நாங்கள் செய்த பெட்டியில் இருந்த சிப் மிக மலிவானது. அதனோடு வந்த லைப்ரரி அதற்குள்ளேயே அடங்கவில்லை. தேவையான ஃபங்ஷன்களை மட்டும் வைத்து ஒரு சின்ன லைப்ரரியை நானே எழுதினேன். strcat-க்குப் பதிலாக எழுதிய அந்தப் பன்னிரண்டு வரியும் அதில்தான்.

பெட்டி சோறு கட்டிக்கொண்டு போகும் டப்பா அளவு இருக்கும். அதில் மூன்று பொத்தான்கள்: உதவி, நலம், திரும்புகிறேன். ஒரு வரி காட்டும் சின்னத் திரை. படகோட்டி பொத்தானை அமத்தினால் அவருடைய பெயரும் அந்தச் சொல்லும் ஒட்டப்பட்டு, துறைமுகத்தில் மீனவர் சங்கக் கட்டடத்தில் வைத்திருந்த பெரிய திரைக்கு வந்துசேரும். கரையிலிருந்தும் ஒரு வரி அனுப்பலாம். அது எல்லாப் பெட்டிகளிலும் தோன்றும். இடம் காட்டும் பாகத்தை விலை கூடவென்று விட்டுவிட்டோம். படகு இலக்கத்தையும் சேர்த்து அனுப்புவோமா என்று கேட்டதற்குச் சங்கச் செயலாளர் சிரித்தார்.

"இலக்கத்தைப் பாத்து ஆரெண்டு கண்டுபிடிக்கிறதோ? பேரைப் போடுங்கோ. ஊருக்கே தெரியும்."

பெயருக்கு முப்பத்திரண்டு பைட் ஒதுக்கினேன். தமிழில் ஒரு குறிக்கு மூன்று பைட் வேண்டும். 'மு' என்றால் மகரத்துக்கு மூன்று, பக்கத்தில் வரும் உகரக் குறிக்கு இன்னொரு மூன்று. இது எனக்குத் தெரியாமல் இல்லை. அதனால்தான் என்னுடைய ஒட்டும் ஃபங்ஷன் இடத்தின் அளவையும் கேட்டு வாங்கியது. இடம் போதாவிட்டால் ஏறி எழுதாது, வெட்டிவிடும். முதலில் எழுதியபோது வெட்டு எழுத்தின் நடுவில் விழுந்து, திரையின் கடைசியில் ஒரு கறுப்புக் கட்டம் வந்தது. பார்க்க அவலட்சணமாக இருந்தது. இரண்டு நாள் இருந்து அதைச் சீராக்கினேன். எங்கே வெட்டினாலும் முழு எழுத்துக்குப் பின்னால்தான் வெட்டும். வெட்டின இடம் தெரியவே தெரியாது. அந்த வேலையில் எனக்கு நல்ல பெருமை.

என்னோடு வேலை செய்த கிறேஸ் உடுவில்காரி. முப்பது வயது. பல்கலைக்கழகத்தில் ஒழுங்காகப் படித்தவள். நான் எழுதுவதை அவள் வாசித்துச் சரிபார்ப்பாள். அந்தப் பன்னிரண்டு வரியை வாசித்துவிட்டுக் கதிரையைத் திருப்பினாள்.

"அண்ணை, இது வெட்டினால் ஆருக்குச் சொல்லும்?"

"ஏன் சொல்லோணும்?"

"வெட்டினது தெரியாட்டில், இதுதான் முழுப் பேர் எண்டெல்லோ நினைப்பினம்?"

"படகு தாழேக்கை எரர் மெசேஜ் வாசிச்சுக்கொண்டு இருப்பினமோ? பெட்டி நிக்கக்கூடாது பிள்ளை. என்னத்தையாவது அனுப்பிக்கொண்டே இருக்கோணும்."

"என்னத்தையாவது எண்டால், என்னத்தை?"

"நீ படிச்சதாலை வந்த பயம் உது."

"உங்களுக்குப் படிக்காததாலை வந்த துணிவு," என்று சிரித்துவிட்டு விட்டுவிட்டாள். வயதுக்கு மூத்தவனோடு அதற்குமேல் மல்லுக்கட்ட விரும்பவில்லை என்று நினைக்கிறேன். அதை நான் வென்றதாக எடுத்துக்கொண்டேன்.

என் பக்கத்து நியாயம் முழுக்க முட்டாள்தனமில்லை என்பதையும் சொல்லவேண்டும். நின்ற இடத்தில் நின்றவர்களுக்கு என்ன நடந்தது என்று நான் பார்த்திருக்கிறேன். ஓடிக்கொண்டே இருந்ததால் தப்பியவன் நான். அரைகுறையாக எதையாவது கையில் எடுத்துக்கொண்டு ஓடு, நின்று எண்ணிப் பார்க்காதே. அது எனக்கு உயிர் தந்த பழக்கம். அந்தப் பழக்கத்தை யோசிக்காமல் ஒரு ஃபங்ஷனுக்குள் வைத்துவிட்டேன். நாங்கள் எழுதுகிற ஒவ்வொரு வரியிலும் எங்களுடைய பயம் ஏதோ ஒன்று இருக்கும். எழுதி முடித்த பிறகு அது எது என்று ஒருமுறை தேடிப் பாருங்கள்.

வாடைக்காற்று தொடங்கியிருந்த மாதம். மிச்சப் படகுகளுக்குப் பெட்டி பூட்டுவதற்காக நானும் கிறேசும் காலையிலேயே மயிலிட்டிக்குப் போயிருந்தோம். சங்கக் கட்டடத்தில் திரைக்கு முன்னால் சவரிமுத்து இருந்தார். எழுபது வயது. கடலுக்குப் போவதை விட்டபிறகு, யாரும் கேட்காமலே, திரையைப் பார்க்கிற வேலையைத் தானாக எடுத்துக்கொண்டவர். அவருடைய மகன்கள் இருவரும் அன்று தனித்தனிப் படகில் போயிருந்தார்கள். அந்தப் படகுகளில் பெட்டி பூட்டி ஒரு கிழமைதான்; இருவரும் அதுவரை ஒரு பொத்தானையும் அமத்தியிருக்கவில்லை. மூத்தவன் அல்பிறட் மேற்கே கீரிமலைப் பக்கம். இளையவன் றொபின் கிழக்கே பருத்தித்துறைப் பக்கம்.

எட்டு மணியளவில் காற்று கூடியது. பெரும்பாலான படகுகள் திரும்பிவிட்டன. கூரைத் தகரம் அடிக்கத் தொடங்கியது. அப்போது திரை சத்தம் போட்டது.

சவரிமுத்து உதவி.

செயலாளர்தான் முதலில் சிரித்தார். "சவரியண்ணை, நீங்கள் இஞ்சை தேத்தண்ணி குடிக்கிறியள், உங்கை கடலுக்கை நிண்டு உதவி கேக்கிறியள். இது என்ன புதுமை?"

"இஞ்சை ஒருத்தரும் உதவி செய்யினமில்லை எண்டு அங்கை நிண்டு கேட்டனாக்கும்," என்று சவரிமுத்துவும் சிரித்தார். அந்தச் சிரிப்பு முடிவதற்கு முன்னரே அவருடைய முகம் மாறிவிட்டது. கோப்பையை மேசையில் வைத்தார்.

"எவன்?" என்றார்.

நான் விரல்விட்டு எண்ணினேன். ச, வ, ர, இகரக் குறி, ம, உகரக் குறி, த, புள்ளி, த, உகரக் குறி. பத்து. முப்பது பைட். அதற்குப் பிறகு ஓர் இடைவெளி, ஒன்று. முடிவுச் சுழியம், ஒன்று. முப்பத்திரண்டு. சங்கத்துப் பதிவேட்டில் எல்லோருடைய பெயரும் தகப்பன் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால் என்றுதான் இருந்தது. அதை அப்படியே ஏற்றியிருந்தோம். சவரிமுத்து என்ற பெயர் இடம் முழுவதையும் எடுத்துக்கொண்டது. மகனுடைய பெயரில் ஓர் எழுத்துக்குக்கூட இடமில்லை. இரண்டு மகன்களுடைய பெட்டியிலும் அப்படித்தான்.

"வெட்டுப்பட்டிருக்கு அண்ணை," என்றாள் கிறேஸ், எனக்கு மட்டும் கேட்கும்படி. அன்றைக்கே சொன்னேனே என்று அவள் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொன்னதில்லை.

இருவருடைய போனுக்கும் அடித்துப் பார்த்தார்கள். அவ்வளவு தூரத்தில் சிக்னல் கிடையாது. அந்தக் கடலுக்குப் போகக்கூடிய பெரிய இயந்திரம் பூட்டிய படகு துறையில் ஒன்றுதான் நின்றது. அதில் இரண்டு பேர் ஏறி இயந்திரத்தையும் இயக்கிவிட்டு, "மேற்கோ கிழக்கோ?" என்று கத்தினார்கள்.

அதற்குள் திரை மறுபடியும் சத்தம் போட்டது.

சவரிமுத்து நலம்.

காற்றைக் கண்டு வீட்டார் பயப்படுவார்கள் என்று மற்றவன் தானாக அனுப்பியிருக்கிறான். சவரிமுத்து திரைக்குக் கிட்டப் போய் நின்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஒருத்தன் நல்லா இருக்கிறான். எவன் எண்டு சொல்லுங்கோவன் தம்பி."

பல இடத்தில் பலபேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். அடித்தும் இருக்கிறார்கள். இந்த மனிதர் கெஞ்சியதைப்போல் எதுவும் என்னைக் குறுக்கியதில்லை. என்னுடைய பழைய பழக்கம் எழும்பியது.

"நிண்டு யோசிக்க நேரமில்லை. ஏதோவொரு பக்கம் விடுங்கோ," என்றேன்.

"பொறுங்கோ," என்றாள் கிறேஸ். சத்தமாகவே சொன்னாள். "பிழையான பக்கம் போனால் திரும்பி வர ஒரு மணித்தியாலம் போகும். கரையிலிருந்து ஒரு வரி அனுப்பலாமெல்லோ? கேப்பம்."

நான் விசைப்பலகையை இழுத்து அடிக்கத் தொடங்கினேன். உதவி கேட்டது றொபின் என்றால் பொத்தானை இரண்டு முறை அமத்தவும், அல்பிறட் என்றால் ஒரு முறை... கிறேஸ் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அண்ணை, அதுவும் உங்கடை ஃபங்ஷனுக்குள்ளாலைதான் போகும்."

உண்மை. பெட்டியின் திரையும் அதே முப்பத்திரண்டு பைட்தான். நான் அடித்ததில் பத்துக் குறி மட்டும் போய், மிச்சம் மிக அழகாக வெட்டப்பட்டிருக்கும். நடுக்கடலில் ஒருவன் பாதிச் செய்தியை முழுச் செய்தியென்று வாசித்திருப்பான்.

"பேரை மட்டும் போடுவம்," என்றாள். "பேருக்குரியவன் ஏதோவொரு பொத்தானை அமத்துவான். உதவி வந்தால் அவன்தான். நலம் வந்தால் மற்றவன்."

"எந்தப் பேரை?" என்று கேட்டபடி நான் சவரிமுத்துவைத் திரும்பிப் பார்த்தேன். உதடு அசைந்தது, பெயர் வரவில்லை. அவரிடம் என்ன கேட்டோம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தண்ணீருக்குள் நிற்பவன் எவன் என்பதற்கு அவருடைய வாயால் ஒரு பெயரைச் சொல்லச் சொல்கிறோம்.

கிறேஸ் அவருடைய கையைப் பிடித்தாள். "ஐயா, நீங்கள் ஒருத்தரையும் தெரிவுசெய்யேல்லை. கூப்பிடத்தான் போறம். ரெண்டு பேரையும் கூப்பிடுவம். வீட்டிலை சாப்பிடக் கூப்பிடேக்கை ஆரை முதல் கூப்பிடுவியள்?"

"சின்னவனை," என்றார் உடனேயே. "அவன் வரப் பிந்தும்."

றொபின்? என்று அடித்து அனுப்பினேன். பத்தொன்பது பைட்.

ஒன்றும் வரவில்லை. கூரைத் தகரம் அடித்தது. வெளியே படகுக்காரர் மறுபடியும் கத்தினார்கள். செயலாளர் கையை உயர்த்தி அவர்களைப் பொறுக்கச் சொன்னார். அந்தக் காத்திருப்பு எவ்வளவு நேரம் என்று என்னால் சொல்ல முடியாது. அதை ஒரு நிமிடம் என்றுதான் கிறேஸ் பிறகு சொன்னாள்.

சவரிமுத்து உதவி.

"கிழக்கை!" என்று நான் எழுந்தேன்.

"மற்றப் பேரையும் கேளுங்கோ," என்றாள் அவள். "தாழுறவன் சும்மாவும் திரும்பத் திரும்ப அமத்துவான். அது அல்பிறட்டாயும் இருக்கலாம்."

அல்பிறட்? என்று அனுப்பினேன். இந்த முறை கையை எடுப்பதற்குள் பதில் வந்தது.

சவரிமுத்து நலம்.

படகு கிழக்கே போனது. சவரிமுத்து அங்கேயே திரைக்கு முன்னால் இருந்தார். ஆறிப்போன தேநீரை யாரோ எடுத்துவிட்டு வேறு கொண்டுவந்து வைத்தார்கள். அவர் அதையும் தொடவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கிறேஸ் றொபினின் பெயரை அனுப்பினாள். முதல் மூன்று முறையும் பதில் வந்தது. மூன்றாவது முறைக்குப் பிறகு வரவில்லை. அதற்குப் பிறகும் அவள் அனுப்பிக்கொண்டே இருந்தாள்.

பதினொரு மணிக்கு மேல் படகு தெரிந்தது. பின்னால் இன்னொரு படகைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். அதில் பாதி தண்ணீர். வலை இயந்திரத்தின் விசிறியில் சுற்றி நின்றுவிட, அலை உள்ளே அடித்திருக்கிறது. பெட்டிக்குள்ளும் தண்ணீர் போய்விட்டது. றொபின் முன்படகில் சாக்கைப் போர்த்துக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தான். இருபத்தாறு வயது ஆள். இறங்கி வந்தவனைத் தகப்பன் மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"செருப்பெங்கை?" என்றார்.

"கடலோடை போட்டுது அப்பா."

"புதுச் செருப்பு," என்றார். அல்பிறட் அதற்குள் கரைக்கு வந்திருந்தான். அவன்தான் தகப்பனைப் பிடித்து இருத்தினான்.

அன்று நான் என்னுடைய பிழையைச் சொல்லாமலே வந்துவிட்டேன். இரவு சட்டைகளை மடித்துப் பையில் வைத்தேன். எங்காவது ஒன்று பிழைத்தால் அடுத்த ஊருக்குப் போவதுதான் எனக்குத் தெரிந்த வழி. விடிந்ததும் பையை அப்படியே வைத்துவிட்டு, கிறேஸையும் கூட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் மயிலிட்டிக்குப் போனேன். அவள் முந்தியநாள் சொன்ன 'பொறுங்கோ' காதில் இருந்தது.

வீட்டு வாசலில் மூன்று பேரும் வலை உலர்த்திக்கொண்டிருந்தார்கள். பெட்டி பழுதில்லை, காற்றும் காரணமில்லை, பெயரை வெட்டியது நான்தான் என்று சொன்னேன். வெட்டினது தெரியாமல் இருக்க இரண்டு நாள் வேலை செய்ததையும் சொன்னேன். சவரிமுத்து வலையின் அடுத்த மடிப்பை விரித்தார். றொபின்தான் பேசினான்.

"பெட்டியைப் போட்டால் எப்பவும் அப்பான்ரை பேர்தான் அண்ணை வாறது."

"ஏன் ஒருக்காலும் சொல்லேல்லை?"

"எதைச் சொல்லுறது? படகு அப்பான்ரை பேரிலை. வீடு அப்பான்ரை பேரிலை. பெட்டியும் அப்பிடித்தான் எண்டு நினைச்சம்." அல்பிறட் தலையாட்டினான். அவனும் அப்படித்தான் நினைத்திருக்கிறான்.

"நேற்றுத்தான் முதல்தரம் அதிலை என்ரை பேர் வந்தது," என்றான் றொபின். "தண்ணி இறைச்சுக்கொண்டிருந்தன். கை விட்டுப்போச்சு. ஆருக்குத் தெரியப்போகுது எண்டு இருந்தன். பாத்தால் என்ரை பேர். பிறகு பத்து நிமிசத்துக்கு ஒருக்கால் வந்துது. பெட்டி நிக்கும்வரைக்கும் பாத்துக்கொண்டுதான் இறைச்சன்."

கிறேஸ் எழும்பிப் போய்க் கிணற்றடியில் முகம் கழுவிவிட்டு வந்தாள்.

அந்தக் கிழமையே ஃபங்ஷனை மாற்றினேன். இப்போது இடம் போதாவிட்டால் அது ஒன்றையும் ஒட்டாது. முதற் சரத்தை இருந்தபடியே விட்டுவிட்டு, முடியவில்லை என்று திருப்பிச் சொல்லும். பெயரை ஏற்றும்போது இது நடந்தால் பெட்டி கீச்சிட்டுக்கொண்டு நிற்கும், வேலை தொடங்காது.

"பெட்டி நிக்கும் எண்டு பயமில்லையோ அண்ணை?" என்று கேட்டாள் கிறேஸ்.

"கரையிலை நிக்கட்டும்," என்றேன்.

எது போதாமல் போனாலும் எதையாவது வெட்டித்தான் ஆகவேண்டும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எதை வெட்டுவது என்று முடிவெடுக்க உங்களுடைய ஃபங்ஷனுக்கு உரிமை இல்லை. யாருடையது வெட்டுப்படப் போகிறதோ அவர் முன்னால் இருக்கும்போதே கேட்கவேண்டும். அந்த நேரத்தில் கேட்பது தொந்தரவாகத்தான் இருக்கும். எங்களுடைய வேலையில் பாதி, சரியான நேரத்தில் தொந்தரவு கொடுப்பதுதான்.

புதிய பெட்டிகளில் பெயர் ஏற்ற முதலில் சவரிமுத்து வீட்டுக்குத்தான் போனோம். பதிவேட்டில் இருந்தபடியே அடித்தேன். பெட்டி கீச்சிட்டது.

"என்னத்துக்குக் கத்துது?" என்றார் சவரிமுத்து.

"பேர் பெரிசு ஐயா. இடம் காணாது. எதை விடுறதெண்டு நீங்கள்தான் சொல்லோணும்."

"அப்பான்ரையை விடேலாது," என்றான் றொபின். "என்ரையைக் கட்டையாக்குங்கோ. றொ எண்டு மட்டும் போடுங்கோ."

"வாயை மூடு. கடலுக்குப் போறது நீயோ நானோ?"

பெட்டி கீச்சிட்டுக்கொண்டே இருந்தது. சவரிமுத்து குனிந்து அந்தச் சின்னத் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"என்ரையிலை முதலெழுத்து ஒண்டு போதும் தம்பி," என்றார். "மிச்சத்தை நான் கரையிலை வைச்சிருக்கிறன்."

ச. றொபின் என்று அடித்தேன். பெட்டி சத்தத்தை நிறுத்தியது.